உயிர்வேலியும் பச்சோந்தியும்

தென்காசியிலிருந்து செங்கோட்டை வழியாக மேற்கே மலையை நோக்கிச் செல்லும் பாதையில், ஆனி மாதத்து மாலைப் பொழுதொன்றில் பிரயாணம் செய்பவர், ஒரு மணி நேரத்துக்குள் இரண்டு வேறு சீதோஷ்ணங்களைக் கடந்துவிடுகிறார். கிழக்கே சுரண்டையைச் சுற்றியுள்ள செம்மண் காடுகளில் காற்றாலைகள் சுழல, புழுதி பறக்க, வானம் வெளுத்துக் கிடக்கும் அதே வேளையில், மேற்கே குற்றாலத்தில் பேரருவியும் ஐந்தருவியும் கொட்டிக்கொண்டிருக்கும். சட்டை நனைந்ததா இல்லையா என்று சொல்ல முடியாத அளவுக்கு மெல்லிய சாரல் காற்றோடு கலந்து வந்து முகத்தில் படும். மேற்குத் தொடர்ச்சி மலை இவ்விடத்தில் தாழ்ந்து ஒரு வாசலைத் திறந்து வைத்திருப்பதே இதற்குக் காரணம். செங்கோட்டைக் கணவாய் என்று உயிரியல் நூலார் குறிப்பிடும் இந்த இடைவெளி, தெற்கே அகத்தியமலைக் காடுகளையும் வடக்கே பெரியாற்று மலைகளையும் பிரித்து, உயர்ந்த மலைகளிலேயே வாழும் சில பறவைகளுக்கும் தவளைகளுக்கும் கடக்க முடியாத எல்லையாக நின்றுவருகிறது. ஆனால் தென்மேற்குப் பருவக்காற்றுக்கோ இதுவே ராஜபாட்டை. 1956 நவம்பர் 1ஆம் தேதி வரை மலையாள நாட்டு ஆட்சியில் இருந்து, அன்று சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்த ஊர் செங்கோட்டை. ஆட்சியில் மட்டுமன்றி, வெயிலிலும் மழையிலுங்கூட அது எல்லைப்புறத்து ஊர்தான்.

இந்த எல்லைப்புறத்தில், அருவிக் காட்டின் அடர்ந்த ஈரத்தை விட்டு விலகி, வறண்ட பக்கத்துப் புதர்களிலும் தோப்புகளின் வேலியோரங்களிலும் வாழ்கிற பிராணி பச்சோந்தி. உலகத்தில் இருநூறுக்கு மேற்பட்ட பச்சோந்தி இனங்கள் உண்டு. அவற்றில் ஏறக்குறையப் பாதி மடகாஸ்கர் தீவுக்கே உரியவை. இந்தியாவுக்கு வாய்த்தது ஒன்றே ஒன்று. வியன்னாவில் வாழ்ந்த லாரெண்டி என்னும் இயற்கை நூலார் 1768இல் இதற்குக் கமேலியோ சைலானிக்கஸ் என்று இலங்கையின் பெயரைச் சேர்த்துச் சாஸ்திரப் பெயர் சூட்டினார். எனினும் இலங்கையின் வறண்ட வலயத்தில் மட்டுமல்லாமல், கங்கைக்குத் தெற்கே நம் தேசத்தின் பல பாகங்களிலும் இது காணப்படுகிறது. ஓணானைப் பார்த்துவிட்டுப் பச்சோந்தியைப் பார்த்ததாகச் சொல்பவர்கள் நம்மிடையே ஏராளம். வேலிக் கம்பின் மீது தலையை ஆட்டிக்கொண்டு, கழுத்துச் சிவக்க உட்கார்ந்திருந்து, ஆளைக் கண்டதும் விர்ரென்று ஓடி மறைவது ஓணான். ஓடத் தெரியாதது பச்சோந்தி. இராமபிரான் தாகத்துக்குத் தண்ணீர் கேட்டபோது ஓணான் செய்த அபசாரக் கதையைச் சொல்லிக்கொண்டு, ஈர்க்குச் சுருக்கும் கையுமாக அதைத் துரத்திய சிறுவர் கூட்டம் நம் கிராமங்களில் தலைமுறை தலைமுறையாக இருந்து வந்திருக்கிறது. அந்தப் பழியில் ஒரு பங்கு, ஒரு பாவமும் அறியாத பச்சோந்தியின் தலையிலும் விழுந்தது.

இதை ஒரு முறையேனும் நெருங்கி நின்று பார்க்க வேண்டும். நொச்சிக் கிளையொன்றில் அது ஓரடி தூரத்தைக் கடப்பதற்குள் நமக்குப் பொறுமை போய்விடும். முன்காலை நீட்டும், நீட்டிய காலை வைக்காமல் முன்னும் பின்னுமாக உடம்பையே ஆட்டும், காற்றில் அசையும் இலை என்று பார்ப்பவரை மயங்கச் செய்யும் அந்த ஆட்டத்துக்குப் பிறகுதான் கால் கிளையைப் பற்றும். பாதத்தின் ஐந்து விரல்களும் இரண்டு கட்டுகளாக ஒட்டிப் பிறந்திருப்பதால், அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்கும் இடுக்கியைப் போல அது கிளையைக் கவ்விக்கொள்கிறது. முன்காலில் உட்புறக் கட்டில் மூன்று விரல், வெளிப்புறக் கட்டில் இரண்டு. பின்காலில் இந்தக் கணக்கு மாறியிருக்கிறது. வால் ஐந்தாவது கையாகக் கிளையைச் சுற்றிக்கொள்ளும். கண்களோ, நடுவில் ஒரு சிறு துவாரம் மட்டும் விட்டுத் தோலால் மூடிய கூம்புகள். ஒன்று வானத்துப் பருந்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது மற்றொன்று இலைமறைவிலுள்ள வெட்டுக்கிளியைத் தேடும். இரை அகப்பட்டதும் இரண்டும் ஒரே திசையில் திரும்பும். அடுத்த கணம் நாக்கு பாயும்.

இப்படிப்பட்ட விசித்திரப் பிராணியை வீட்டில் வைத்துப் பார்க்க மனிதர்கள் ஆசைப்பட்டதில் வியப்பில்லை. காற்றையே ஆகாரமாகக் கொண்டு அது உயிர்வாழ்கிறது என்று ஐரோப்பியர் நெடுங்காலம் நம்பியிருந்தனர். 1669இல் பாரிஸ் விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த கிளாட் பெரோ அதன் சரீரத்தை அறுத்து ஆராய்ந்து விவரித்தார். அதற்குச் சில ஆண்டுகளுக்குப் பிறகு, மதலேன் த ஸ்குதேரி என்ற புகழ்பெற்ற நாவலாசிரியை, எகிப்து தேசத்து அலெக்சாந்திரியாவிலிருந்து வந்த பச்சோந்திகளைப் பாரிஸில் தம் இல்லத்திலேயே வளர்த்து, அவற்றின் சரித்திரத்தை எழுதி வெளியிட்டார். இன்று அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஏமன் நாட்டுப் பச்சோந்தி, மடகாஸ்கரின் சிறுத்தைப் பச்சோந்தி, கென்யாவின் மூன்று கொம்புள்ள ஜாக்சன் பச்சோந்தி ஆகியவற்றை வளர்ப்போர் கணிசமானவர். குளிர்காலம் முழுவதும் விளக்கு வெளிச்சத்தில் அறைக்குள் வைத்திருந்துவிட்டு, வெயில் காலம் வந்ததும் அவர்கள் கூண்டோடு தோட்டத்துக்குக் கொண்டுபோகிறார்கள். அவ்வாறு வெளியே வைப்பதில் நன்மை எது, அபாயம் எது என்று அவர்கள் பல பிராணிகளைப் பலிகொடுத்துக் கற்ற பாடங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கும்போது, செங்கோட்டை வேலியோரத்தில் யாருடைய முயற்சியுமின்றி நடந்துகொண்டிருக்கும் ஒரு காரியத்தின் வர்ணனையைப் படிப்பதுபோலத் தோன்றுகிறது.

முதலில் உஷ்ணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம்முடைய உடம்பு தன் சூட்டைத் தானே உண்டாக்கி, வியர்வையால் தானே தணித்துக்கொள்கிறது. பச்சோந்திக்கு அந்த இரண்டு வசதியும் இல்லை. வெளியிலிருந்து கடன் வாங்கிய சூட்டில்தான் அது இரை தேட வேண்டும், உண்டதைச் செரிக்க வேண்டும், முட்டையை வளர்க்க வேண்டும். கடன் மிகுந்துவிட்டாலோ பிராணாபத்து. ஆகவே அதன் நாள் முழுவதும் வெயிலுக்கும் நிழலுக்குமிடையே நடக்கும் ஓர் ஓயாத பேரமாகவே கழிகிறது. இலைபோல் பக்கவாட்டில் தட்டையான அதன் உடம்பு இந்தப் பேரத்துக்கென்றே அமைந்தது. அதிகாலையில் கிழக்குப் பார்த்த கிளைக்கு வந்து, விலாவை அகல விரித்துச் சூரியனுக்குக் குறுக்காக வைத்துக்கொண்டு, மேனியைக் கறுக்கச் செய்துகொள்ளும். அந்நிலையில் ஒரு பெரிய இலையளவு பரப்பில் வெயில் விழுகிறது. வேண்டிய சூடு ஏறியதும் பச்சை திரும்பும். உச்சிவேளையில் வெயிலுக்கு முகத்தையோ வாலையோ காட்டி நின்றால், அதே உடம்பு கத்தியின் விளிம்பளவே வெயிலை வாங்கும், மேனியும் வெளிறிவிடும். அதற்குமேல் தாங்காதபோது புதரின் உள்ளே இறங்கி, இலையடர்த்தியில் ஒடுங்கிக்கொள்ளும். இறங்க இடமிருக்க வேண்டும் என்பதே இதில் முக்கியமான விஷயம்.

நிறமாற்றத்தைப் பற்றிப் பொதுஜனங்கள் கொண்டுள்ள எண்ணம் பெரும்பாலும் தவறானது. சிவப்புத் துணியில் விட்டால் சிவக்கும், கோலப்பொடியில் விட்டால் வெளுக்கும் என்றெல்லாம் சொல்வது கற்பனை. இருக்கும் இடத்துக்கு ஏற்ற நிறத்தைப் பூசிக்கொள்வதற்காக அது நிறம் மாறுவதில்லை. தன் இனத்துக்குச் சேதி சொல்லவும், சூட்டைக் கூட்டிக் குறைக்கவுமே பெரிதும் மாறுகிறது. கட்சி மாறுகிறவர்களை இதன் பெயரால் ஏசுவது, இந்தப் பிராணிக்கு நாம் செய்யும் மற்றோர் அநீதி. நிறம் எப்படி மாறுகிறது என்பதை ஜெனீவா பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் சிறுத்தைப் பச்சோந்தியிடம் ஆராய்ந்து 2015இல் வெளியிட்டார்கள். தோலிலுள்ள ஒருவகை உயிரணுக்களுக்குள் குவானின் என்ற பொருளின் மிக நுண்ணிய படிகங்கள் வரிசை வரிசையாக அடுக்கப்பட்டிருக்கின்றன. பிராணி அமைதியாக இருக்கையில் படிகங்கள் நெருங்கி நின்று நீல ஒளியைத் திருப்பியனுப்ப, மேலேயுள்ள மஞ்சள் நிறப் பொருளோடு அது கலந்து பச்சையாகிறது. கிளர்ச்சியுறும்போது படிகங்களுக்கிடையே இடைவெளி அகன்று, மஞ்சளும் சிவப்பும் வெளிப்படுகின்றன. இந்த அடுக்குக்குக் கீழே பெரிய படிகங்களாலான இரண்டாவது அடுக்கு ஒன்றும் உண்டு. அது நம் கண்ணுக்குத் தெரியாத, ஆனால் சூட்டைச் சுமந்துவரும் அகச்சிவப்புக் கிரணங்களில் பெரும்பகுதியைத் திருப்பி எறிந்துவிடுகிறது. வெயிலில் உட்கார்ந்து பிழைக்க வேண்டிய பிராணிக்கு இயற்கை தோலுக்குள்ளேயே ஒரு குடை தைத்து வைத்திருக்கிறது என்றே இதிலிருந்து ஊகிக்க வேண்டியிருக்கிறது.

சூடு குறைந்தால் ஆகாரத்துக்கு என்ன வழி என்ற கேள்வியும் உண்டு. மார்கழிப் பனியில் ஓணான் விறைத்துக் கிடக்கும் நேரத்தில் பச்சோந்தி இரை பிடிக்க வல்லது. அதன் நாக்கு தசையின் நேரடி வேகத்தில் பாய்வதன்று. உள்ளேயிருக்கும் நீளெலும்பைச் சுற்றியுள்ள நார்ப்படலங்களைத் தசை முதலில் மெல்ல இழுத்து முறுக்கேற்றுகிறது. பிறகு அந்த நார்கள் ஒரே கணத்தில் விடுபடுகையில் நாக்கு அம்பாகப் பாய்கிறது. முறுக்கேற்றுவதற்கு நேரம் கூடினாலும், விடுபடும் வேகத்தைக் குளிர் அவ்வளவாகக் குறைக்காது. ஆண்டர்சன், டீபன் என்ற இருவர் ஏமன் பச்சோந்தியிடம் சோதித்து 2010இல் வெளியிட்ட கணக்கின்படி, உஷ்ணம் 10 டிகிரி செல்சியஸ் குறைந்தால் நாக்குப் பாயும் திறன் 10 முதல் 19 சதவிகிதமே குறைகிறது; ஆனால் தசையையே நம்பி நாக்கை உள்ளிழுக்கும் திறன் 42 சதவிகிதத்துக்கு மேல் குறைந்துவிடுகிறது. எனவே குளிரைக் காட்டிலும் அதிக வெப்பமே இப்பிராணிக்குப் பெரிய சத்துரு. வெளியே வைத்து வளர்க்கிறவர்கள் பயப்பட வேண்டியதும் அதற்கே.

ஆயினும் வெயிலை முற்றிலும் விலக்கவும் முடியாது. சூரிய கிரணத்தில் உள்ள புறஊதாப் பகுதி தோலில் பட்டால்தான் அதன் உடம்பில் வைட்டமின் டி உண்டாகிறது. அது உண்டானால்தான் உண்ட சுண்ணச்சத்து எலும்பில் சேரும். அறைக்குள்ளேயே வளர்ந்த குட்டிகளின் கால்கள் வளைந்து, தாடை இளகி, நாக்கை நீட்டவும் மாட்டாமல் அவை மெலிந்து சாவதை வளர்ப்போர் ஆரம்பத்தில் விளங்காத வியாதியாகவே எண்ணியிருந்தார்கள். ஜன்னலோரத்தில்தானே வைத்திருந்தோம் என்பது அவர்களுடைய கேள்வி. கண்ணாடி ஒளியை விடும், சூட்டை விடும். உயிருக்கு வேண்டிய அந்தப் புறஊதாக் கிரணத்தை மட்டும் பெரும்பாலும் தடுத்துவிடும். டெக்ஸாஸில் ஃபெர்குஸன் முதலியோர் செய்த ஆராய்ச்சி இதைவிடச் சுவையானது. வைட்டமின் டி குறைந்த ஆகாரம் உண்ட சிறுத்தைப் பச்சோந்திகள் தாமாகவே புறஊதா ஒளி மிகுந்த இடத்தைத் தேடிச்சென்று அதிக நேரம் உட்கார்ந்திருந்தன. நிறைந்த ஆகாரம் உண்டவை ஒதுங்கிக்கொண்டன. தனக்கு எவ்வளவு வெயில் வேண்டும் என்பதை நம்மைக் காட்டிலும் அது நன்றாக அறியும். தேர்ந்தெடுக்கும் சந்தர்ப்பத்தை மட்டும் நாம் பறிக்காமல் இருந்தால் போதும்.

அடுத்தது தண்ணீர். கிண்ணத்தில் நிறைத்து வைத்த தண்ணீரின் பக்கத்திலேயே தாகத்தால் மடிந்த பச்சோந்திகள் எத்தனையோ. தேங்கிய நீரை நீர் என்று அது பெரும்பாலும் அறிவதில்லை. இலை நுனியில் உருண்டு நடுங்கும் துளியை, அது விழுவதற்குள், உதட்டால் மெல்ல வாங்கிக் குடிப்பதே அதன் வழக்கம். விடிகாலைப் பனியும், மழை ஓய்ந்த பின் சொட்டும் செடியுமே அதன் நீர்நிலைகள். அதனால்தான் மேல்நாட்டார் கூண்டின் மேல் நுண்துளைக் குழாய்களைப் பொருத்தி, நாளில் இரண்டு மூன்று வேளை புகைபோல நீர் தூவும் யந்திரங்களை விலை கொடுத்து வாங்குகிறார்கள். அந்த யந்திரம் செய்யும் வேலையை ஆனி, ஆடி மாதங்களில் செங்கோட்டைப் பக்கத்தில் சாரல் செய்கிறது. தூறும், நிற்கும், வெயில் அடிக்கும், காற்று இலைகளைத் துடைத்துவிடும், மறுபடியும் தூறும். இந்த நனைதலும் உலர்தலும் மாறி மாறி வருவதுதான் சிலாக்கியம். ஓயாமல் ஈரமாகவே இருக்கும் கூண்டில் தோலிலும் நுரையீரலிலும் நோய் பற்றிக்கொள்ளும். அருவியை ஒட்டிய அடர்காட்டைக் காட்டிலும், சாரல் வந்து கலைந்து போகிற வெளிப்புறத்தையே நம் பச்சோந்தி விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இனி, வெளிநாட்டில் கூண்டோடு வெளியே வைப்பவர்கள் கைக்கொள்ளும் முறைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கண்ணாடித் தொட்டி கூடவே கூடாது. வெயிலில் வைத்த கண்ணாடித் தொட்டி சில நிமிஷங்களில் அடுப்பாகிவிடும். நான்கு பக்கமும் காற்றோடும் வலைக்கூண்டு வேண்டும். நகம் சிக்காதபடி வலைக்கு மேற்பூச்சு இருப்பது நல்லது. கூண்டுக்குள் செம்பருத்தி போன்ற அடர்ந்த செடியைத் தொட்டியோடு இறக்கி, கூண்டின் பாதிக்காவது நாள் முழுவதும் நிழல் இருக்கும்படி பார்க்க வேண்டும். நாள் முழுவதும் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது: காலை 8 மணிக்கு மரநிழலில் வைத்துவிட்டு வேலைக்குப் போனவர், பிற்பகல் 2 மணிக்கு நிழல் எங்கே போயிருக்கும் என்பதை யோசிப்பதில்லை, கூண்டு நகராது, சூரியன் நகரும். பச்சோந்தி வாயைத் திறந்தபடி வெளிறிக்கிடந்தால் உஷ்ணம் எல்லை மீறிவிட்டது என்று அர்த்தம். உடனே நிழலுக்கு மாற்றி, இளஞ்சூடான தண்ணீரை இலைமேல் தெளிக்க வேண்டும். அவசரத்தில் தோட்டக் குழாயைத் திருப்பிவிடக் கூடாது. வெயிலில் கிடந்த ரப்பர்க் குழாயில் தேங்கியிருக்கும் முதல் தண்ணீர் கொதிநீராக இருக்கும். கூண்டைத் தரையில் வைத்தால் எறும்பு மொய்க்கும்; உறங்கும் பச்சோந்தியை எறும்புக்கூட்டம் தின்றே தீர்த்துவிடும். பூனையும் காகமும் வலைக்கு வெளியே இருந்துகொண்டே காலைப் பிடித்திழுக்கும். அண்டைத் தோட்டத்தில் பூச்சிமருந்து அடித்த நாளில், அங்கிருந்து வரும் வெட்டுக்கிளி ஒவ்வொன்றும் விஷம்.

எல்லா இனத்துக்கும் ஒரே விதியும் செல்லாது. ஏமன் பச்சோந்தி வெப்பத்தை ஓரளவு தாங்கும். கென்யாவின் மலைக்குளிரில் பிறந்த ஜாக்சன் பச்சோந்தியோ 30 டிகிரியைத் தாண்டினாலே தவிக்கத் தொடங்கிவிடும்.

அந்த ஜாக்சன் பச்சோந்தியைப் பற்றியே ஒரு கதை உண்டு. வெளியே வைத்து வளர்ப்பதிலுள்ள அபாயம் பிராணிக்கு மட்டுமன்று என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. 1972இல் ஹவாய்த் தீவுகளில் ஒன்றான ஓவாஹுவில், கானெயோஹே என்ற ஊரிலிருந்த செல்லப்பிராணி வியாபாரி ஒருவர் கென்யாவிலிருந்து சில டஜன் பச்சோந்திகளை வரவழைத்தார். நெடும்பயணத்தில் நீரின்றி மெலிந்து வந்து சேர்ந்தவற்றைப் பார்த்து இரக்கப்பட்டு, சற்றுத் தேறட்டும், பிறகு பிடித்துக்கொள்ளலாம் என்று தம் வீட்டுத் தோட்டத்துச் செடிகளில் விட்டார். அவை தேறின, அகப்படத்தான் இல்லை. மழையும் மிதமான வெயிலும் உள்ள அந்த மலைச்சரிவு அவற்றுக்குத் தாய்நாட்டை நினைவூட்டியிருக்க வேண்டும், பெருகிப் பரவின, மனிதர் கையால் மற்றத் தீவுகளுக்கும் போயின. உலகில் வேறெங்கும் இல்லாத ஹவாய் நத்தைகளையும் பூச்சிகளையும் இன்று அவை தின்றுகொண்டிருக்கின்றன. இத்தனை மெதுவாக நடக்கிற பிராணி எங்கே ஓடிப்போய்விடும் என்று நினைப்பவர்களுக்கு இதைச் சொல்லலாம். குற்றாலத்து மலைச்சரிவின் ஈரமும் மிதவெயிலும் வெளிநாட்டு மலைப் பச்சோந்தி ஒன்றுக்குப் பொருந்தாது என்று யாரால் உறுதி சொல்ல முடியும்?

நம் நாட்டுப் பச்சோந்தியைப் பொறுத்தவரை, அதை வளர்ப்பது எப்படி என்ற கேள்விக்கே இடமில்லை. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அதைக் காக்கப்பட வேண்டிய பிராணிகளின் அட்டவணையில் சேர்த்திருக்கிறது. பிடிப்பதும், கூண்டில் வைப்பதும், விற்பதும் குற்றம். சர்வதேச வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்தின் இரண்டாவது பட்டியலிலும் அது இருக்கிறது. அப்பட்டியல்களில் இடம்பெற்ற வெளிநாட்டு இனங்களை வைத்திருப்பவர்களும், 2024இல் வந்த விதிகளின்படி, அரசாங்கத்திடம் பதிவு செய்துகொள்ள வேண்டும். இந்தியப் பச்சோந்தி இன்று அழிவின் விளிம்பில் நிற்கும் இனமன்று என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ஆனால் சட்டத்தின் காவலைவிட அதற்கு அவசியமான காவல் ஒன்று, யாரும் கவனியாதபடி ஊருக்கு ஊர் மறைந்து வருகிறது.

உயிர்வேலியைத்தான் சொல்கிறேன். கிளுவைப் போத்துக்களை நட்டு, இடையிடையே நொச்சியும் ஆடாதோடையும் கள்ளியும் வளரவிட்டு, மேலே வேலிப்பருத்தியும் கோவையும் படர்ந்து, ஆள் உயரத்துக்கு எழுந்து நிற்கும் பழைய வேலி ஒன்றை, மேலே சொன்ன கூண்டு விதிகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கிழக்கு முகத்தில் காலை வெயில். உள்ளே எந்நேரமும் நிழல். உச்சிக்கும் அடிக்கும் இடையே பல படிகளாக உஷ்ணம். சாரல் துளியைத் தாங்க ஆயிரம் இலை. பூவுக்கு வரும் ஈயும் தேனீயும், தழைக்கு வரும் வெட்டுக்கிளியும் ஆகாரம். இரவில் பச்சோந்தி வெளிறிய நிறத்தோடு மெல்லிய கொம்பின் நுனியில் போய் உறங்கும். பாம்பு ஏறினால் கொம்பு முன்கூட்டியே அசைந்து எழுப்பிவிடும். கூண்டு செய்பவர் எவ்வளவு செலவழித்தாலும் இத்தனையும் ஒருங்கே அமைவதில்லை. இப்போது தோப்பு விற்பனையாகும்போது முதலில் விழுவது இந்த வேலிதான். கல்தூண் நட்டு முள்கம்பி இழுத்தால் எல்லை துலக்கமாகத் தெரிகிறது, பராமரிப்பும் இல்லை என்கிறார்கள்; அதை மறுக்க முடியாது. வேலியை வெட்டித் திருத்த ஆள் கிடைப்பதில்லை என்ற சம்சாரியின் குறையும் உண்மையே. ஆனால் முள்கம்பியில் பச்சோந்திக்கு நிழலுமில்லை, இரையுமில்லை, நீருமில்லை. ஒரு தோப்பிலிருந்து அடுத்த தோப்புக்குக் கிளைவழியாகவே போய்க்கொண்டிருந்த பிராணி, கிளை அறுந்ததும் தரையில் இறங்கவேண்டியதாகிறது.

தரையில் அது நிராதரவான பிராணி. பெண் பச்சோந்தி முட்டையிடுவதற்காக எப்படியும் இறங்கித்தான் தீரவேண்டும். ஈரப்பதமுள்ள, தோண்டக்கூடிய மண்ணைத் தேடி, குழி பறித்து, பத்து முதல் முப்பது வரையிலான முட்டைகளை இட்டு, மண்ணைத் தள்ளி மூடிவிட்டு ஏறிவிடும். வேலி இருந்த காலத்தில் அதன் அடியிலேயே முடிந்த இந்தக் காரியத்துக்கு இன்று சில இடங்களில் தார்ச்சாலையைக் கடக்க வேண்டியிருக்கிறது. திருமங்கலத்திலிருந்து தென்காசி, செங்கோட்டை, ஆரியங்காவு வழியாகக் கொல்லம் செல்லும் 744ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் லாரிகள் இரவும் பகலும் ஓடுகின்றன. ஓரடிக்கு ஒரு முறை நின்று, இலைபோல ஆடிக் காட்டி, தன்னை மறைத்துக்கொண்டதாக நம்பும் ஒரு பிராணிக்கு அந்தச் சாலையில் என்ன நேரும் என்பதை விவரிக்க வேண்டியதில்லை.

ஆகையால் இப்பக்கத்து வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். தோப்புக்குச் சுற்றிலும் இல்லாவிட்டாலும், ஒரு பக்கத்திலாவது உயிர்வேலியை விட்டு வையுங்கள். சாலையில் பச்சோந்தியைக் கண்டால் விஷம் என்று அஞ்ச வேண்டாம், அதற்கு விஷமில்லை. வாலைப் பிடித்துத் தூக்காமல், நீண்ட குச்சியொன்றை அதன் முன்கால்களுக்கு எதிரே பிடியுங்கள், தானாக ஏறிக்கொள்ளும். அது எந்தப் பக்கம் நோக்கிப் போய்க்கொண்டிருந்ததோ அந்தப் பக்கத்துப் புதரிலேயே விடுங்கள். குழந்தைகளுக்குக் காட்டலாம் என்று வீட்டுக்கு எடுத்துச் செல்ல வேண்டாம். காயம்பட்டிருந்தால் அருகிலுள்ள வனச்சரக அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள். கோடையில் வாடிக் கிடக்கும் ஒன்றுக்குத் தண்ணீர் கொடுக்க விரும்பினால், செடியின் இலைகளின் மேல் தெளித்துவிட்டு எட்ட நில்லுங்கள். அதன் வாயில் ஊற்றாதீர்கள்.